வாசனை வருதா, அக்கா?

அந்த மின் நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. வாயிற்காவலரிலிருந்து பெரிய மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மோப்பக்காதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், எரிவாயு வந்து சேரும் குழாய்களைத் தாண்டிப் போனவள் சட்டென்று நின்று, "இங்க ஏதோ நாத்தம் அடிக்குது" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கசிவைக் காட்ட அங்கே மாட்டியிருந்த கருவி ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தபோது, இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. வெளியே முறைத்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அவள் சுபாவத்தில் பயந்தவள். இடி இடித்தால் போர்வைக்குள் போய்விடுவாள். பல்லி தலைக்கு மேல் ஓடினால் வீடே அதிரும்படி கத்துவாள். "இவ போய் எரியுற கேஸுக்குக் காவலா? நாடு உருப்பட்ட மாதிரிதான்" என்று அவள் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக், போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தப் பயம்தான் அவளை நல்ல வேலைக்காரியாக வைத்திருந்தது. மற்றவர்கள் ஒருமுறை பார்த்து நகரும் இடத்தை அவள் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பூட்டிய வால்வைத் தொட்டு, அசைத்து, மறுபடி தொடுவாள்.

அங்கே என்ன நடக்கிறது என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் தனக்குத் தெரிந்த மாதிரி சொல்வாள். வெளிக்காற்றை இழுத்து நெருக்கி அமுக்குவது முதல் காரியம். அமுங்கிய காற்றில் வாயுவைக் கலந்து கொளுத்தினால் பொங்குகிற சூட்டுக்காற்று டர்பைனின் இறக்கைகளைச் சுழற்றும். அதே தண்டில் மாட்டிய ஜெனரேட்டரும் சேர்ந்து சுழல, மின்சாரம் பிறக்கும். டர்பைனை விட்டு வெளியே வரும் புகையிலும் சூடு மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் பாய்லருக்குள் விட்டுத் தண்ணீரைக் காய்ச்சி, அந்த நீராவியால் இன்னொரு டர்பைனையும் ஓட்டுவார்கள். "ஒரே அடுப்பு, ரெண்டு சமையல்" என்பாள். மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது, ஊர் இழுக்கிற அளவை அந்தந்த நொடியே கொடுத்தாக வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும் என்பதையும் சொல்வாள். அந்த இடம் வரும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

அவளுடைய இடம் இதற்கெல்லாம் முன்னால் இருந்தது. பூமிக்கடியில் வரும் குழாய் வெளியே தலைகாட்டி, வாயுவை வடிகட்டி, அழுத்தத்தைக் குறைத்து உள்ளே அனுப்பும் வேலிபோட்ட முற்றம். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கசிந்தால் மனிதருக்குத் தெரியட்டும் என்றுதான் அழுகின முட்டைபோல நாறும் ஒரு மருந்தை வழியிலேயே துளித்துளியாகக் கலந்து அனுப்புகிறார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்து, உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். ஒருநாள் மாலை அடுப்படியில் உட்கார்ந்து அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நாத்தனார் வாசலிலிருந்தே அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! பால் தீஞ்சு தெருமுனை வரைக்கும் நாறுது. பக்கத்துலயே குந்திக்கிட்டு என்ன பண்றீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பாத்திரம் கறுத்து, புகை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனாள். கண் எரிந்தது. வாசனை இல்லை.

நாத்தனார் கணவரின் தங்கை. அரசு ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் உதவியாளர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி சோப்பு, தைலம், மண்ணெண்ணெய் துணி என்று வரிசையாக நீட்டினாள். கடைசியில் அண்ணன் கழற்றிப் போட்டிருந்த சாக்ஸைக் காட்டினாள்.

"இதுவுமா தெரியல? அப்ப நிஜமாவே போச்சு அண்ணி."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க அண்ணன்கிட்ட கூட."

"டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபீஸ்லயும் சொல்லிடுங்க, அதுதான் நல்லது."

"சொன்னா அந்தப் பக்கமே விடமாட்டாங்க. கொஞ்ச நாள்ல தானா வந்துடும்."

வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வேலிக்குள் கால் வைக்கும்போது அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாற்போல இருந்தது. முன்பெல்லாம் உள்ளே நுழைந்ததும் ஒரு மூச்சு இழுத்தால் போதும், முற்றமே அவளிடம் பேசிவிடும். இப்போது குழாய்கள் வாயை மூடிக்கொண்டன. சாம்பல் நிறத்தில் நீண்டு கிடக்கும் அவற்றைப் பார்த்தால், உள்ளே ஓடுவது எப்போது வெளியே வந்து தன் தோளைத் தொடும் என்று முதுகு கூசியது. கையடக்க வாயு மீட்டரைக் கழுத்திலிருந்து கழற்றுவதே இல்லை. சோப்புத் தண்ணீர்க் குப்பியும் பிரஷ்ஷுமாக மூட்டு மூட்டாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன மோப்பக்கா, குழாய்க்கெல்லாம் சவரம் பண்றீங்களா?" என்று கண்ட்ரோல் ரூமில் வேலை செய்யும் தாடி கேலி செய்தான். முகம் நிறையத் தாடி வைத்திருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள். அன்று வீட்டுக்குப் போனவள் அடுப்பின் ரப்பர் குழாய்க்கும் சோப்புத் தண்ணீர் தடவினாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி தடவினாள். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம். ஊரில் இருந்த மின்விசிறி, குளிர்பெட்டி, ஏசி எல்லாம் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் பெரிய கம்பித்தடம் அந்தச் சூட்டில் தொய்ந்து, எதிலோ பட்டு அறுபட்டுப்போனது. ஒரு நொடியில் அந்த நிலையம் தனித்து நின்றது. ஊர் முழுவதையும் தாங்க அங்கிருந்த இரண்டு வாயு டர்பைன்களையும் நீராவி டர்பைனையும் விட்டால் வேறு நாதியில்லை. இயந்திரங்களின் உறுமல் கனத்ததை முற்றத்தில் நின்றிருந்த மோப்பக்கா கால் வழியாகவே உணர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து, முற்றத்து மூலையில் ஒரு வால்வுக்கு மேலே மாட்டியிருந்த வாயுக் கருவி மினுக்கென்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போனது. அந்த வாரம் முழுக்க அது சூட்டில் அப்படித்தான் பொய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மாற்றுவதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு கருவி மட்டும் கத்தினால் நிலையம் நிற்காது. பக்கத்துக் கருவியும் கத்த வேண்டும். அது அமைதியாக இருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஷிப்ட் பொறுப்பாளரின் குரல். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நிதானமானவர். அன்று அந்தக் குரலிலும் ஒரு இழுப்பு இருந்தது.

"அக்கா, அந்த மூலையில போய் நில்லுங்க. வாசனை வருதா பாத்துச் சொல்லுங்க. ஊரே இப்ப நம்ம தலையில இருக்கு. சும்மா நிறுத்த முடியாது, நிறுத்தாம இருக்கவும் முடியாது."

கழுத்து மீட்டரைப் பார்த்தாள். முகப்பு இருண்டு கிடந்தது. காலையிலிருந்து விடாமல் போட்டுக்கொண்டே இருந்ததில் சார்ஜ் தீர்ந்து போயிருந்தது. தாடி இன்னொரு மீட்டரை பாய்லர் பக்கம் கொண்டுபோயிருந்தான்.

மூலைக்குப் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெயிலின் காந்தல் மட்டும் மூக்குக்குள் போனது. வால்வின் கழுத்து ஆளுயரத்துக்கு மேலே இருந்தது, ஏணி இல்லாமல் சோப்பு தடவ முடியாது. உண்டு என்று சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். ஊர் இருண்டுபோகும். ஆஸ்பத்திரி, நாத்தனாரின் வார்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் விரல்நீளக் கால்கள் எல்லாம் கண்முன் வந்தன. இல்லை என்று சொன்னால்?

பொத்தானை அமுக்கினாள். "ஒண்ணும் தெரியல சார்."

"நல்லது. அப்ப ஓட்டுறோம்" என்றார் பொறுப்பாளர். அவர் பெருமூச்சு விட்டது வாக்கியிலேயே கேட்டது.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை நம்பி ஒரு மனிதர் நெருப்பை எரியவிட்டுக்கொண்டிருக்கிறார். அவள் அங்கேயே நின்றாள். தலைக்கு மேலே வால்வு. காற்று லேசாக அசைந்து அவள் முகத்தைத் தடவிவிட்டுப் போனது. அந்தக் காற்றில் என்ன இருக்கிறது? கையை முகத்துக்கு முன்னால் வீசினாள், ஈயை விரட்டுவது போல. வாக்கியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாடி, பாய்லர்க்காரர்கள், வாயிற்காவலர் உட்பட. கேட்கட்டும்.

"சார், நான் சொன்னத எடுத்துக்காதீங்க."

"என்னக்கா?"

"எனக்கு வாசனையே தெரியாது சார். காய்ச்சல்ல போனது, இன்னும் வரல. இங்க கேஸ் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."



"உடனே வேலிய விட்டு வெளிய வாங்க" என்றார் அவர். அந்தக் குரலில் அக்கா இல்லை. "தாடி, மீட்டர எடுத்துக்கிட்டு ஓடு. காத்து வர்ற பக்கமா இருந்து போ. கிட்டப் போகாத."

அவள் வெளியே வந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்த தாடி, அவள் முகத்தைப் பார்க்காமல் மீட்டரை ஒரு கம்பு நுனியில் கட்டி, வேலிக்குள் நீட்டிக்கொண்டே மெல்ல நடந்தான். வால்வை நெருங்குவதற்குள் மீட்டர் வீறிட்டது. தாடி கம்போடு பின்வாங்கினான்.

"இருக்கு சார்! நிஜமாவே இருக்கு. வால்வு கழுத்துல கசியுது. எனக்கே நாறுது."

இவ்வளவு நேரமும் தான் அதற்கு நடுவில் நின்று, ஆழ ஆழ இழுத்து முகர்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பொறுப்பாளருக்கு யோசிக்க நேரமில்லை. கசிவு சிறியது, திறந்தவெளி, காற்று இயந்திரங்களுக்கு எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. கசிகிற பாதைக்கு மாற்றாக இன்னொரு பாதை, ஒரு சுவருக்கு அப்பால், காற்று வரும் பக்கத்தில் இருந்தது. அதைத் திறந்துவிட்டால் கெட்ட பாதையைக் கண்ட்ரோல் ரூமிலிருந்தே மூடிவிடலாம். ஆனால் அந்த மாற்றுப் பாதையின் முதல் வால்வு கையால் சுற்றித் திறக்க வேண்டியது. பெரிய சக்கரம். ஒரு ஆளால் ஆகாது.

"ரெண்டு பேரும் போங்க. மெதுவாத் திறக்கணும். அழுத்தம் எகிறினாலும் உள்ள தீ அணைஞ்சிடும், விழுந்தாலும் அணைஞ்சிடும். மீட்டர் அந்தப் பக்கம் லேசா முனகினாலும் போட்டுட்டு ஓடி வந்துடுங்க, நான் எல்லாத்தையும் நிறுத்திடுறேன். என் கை அந்தப் பொத்தான் மேலதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அக்கா, உங்களால முடியுமா?" என்றார்.

"பயமா இருக்கு சார். போறேன்."

சுவருக்கு அப்பால் சக்கரத்தின் ஒரு பக்கம் தாடி, மறுபக்கம் அவள். மீட்டரை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார்கள். இரும்பு வெயிலில் கொதித்தது. சக்கரம் முதலில் அசைய மறுத்தது. பிறகு ஒரு முனகலோடு நகர்ந்தது. குழாய்க்குள் வாயு சீறிப் பாயும் ஓசை உள்ளங்கைக்கு எட்டியது.

"மெதுவா... இன்னும் மெதுவா..." என்று வாக்கி சொல்லிக்கொண்டே இருந்தது.

"மோப்பக்கா, உங்க கை ஆடுது" என்றான் தாடி.

"உன் தாடியும்தான் ஆடுது. சுத்து."

அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கப் பயம். பாதிக்கு மேல் திறந்தபோது பொறுப்பாளர் கெட்ட பாதையை மூடத் தொடங்கினார். இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டாற்போலக் குழாய் ஒருமுறை உதறியது. தூரத்து உறுமலில் ஒரு விக்கல். அடுத்து, இரட்டைக் குரலில் ஒன்று மட்டும் கழன்று, நீண்ட ஊளையாக இறங்கிக்கொண்டே போனது.

"ஒண்ணு போச்சு" என்றான் தாடி.

அவள் இன்னொன்றின் சத்தத்தையே உயிரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அது இருமியது, தடுமாறியது, பிறகு நின்று பிடித்தது. சுமை தாளாமல் அதுவும் விழுந்துவிடக் கூடாதென்று பொறுப்பாளர் ஊரில் பாதியை வெட்டிவிட்டார். எந்தப் பாதி என்று வாக்கியில் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

மீட்டர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கசிவு நின்றது. விழுந்த டர்பைனை மறுபடி சுழற்றி, கொளுத்தி, வேகம் பிடிக்கவைத்து, மற்றதோடு ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் வெட்டிய பாதிக்கு மின்சாரம் திரும்பியது.

கண்ட்ரோல் ரூமில் பொறுப்பாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு நாளா அக்கா?"

சொன்னாள்.

"இத்தனை நாளா உங்க மூக்க நம்பித்தான் நான் நிம்மதியா உக்காந்திருந்தேன்." கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது. அவர் கத்தவில்லை. "இன்னைக்கு அந்த ரெண்டாவது வார்த்தைய நீங்க சொல்லலன்னா?" என்று தொடங்கியவர் முடிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

வீட்டில் நாத்தனார் அவளுக்கு முன்பே வந்திருந்தாள். வலது கையைத் தூக்க முடியாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க பக்கம் கரண்ட் போச்சு அண்ணி. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பேட்டரி செத்துக் கிடந்திருக்கு, கிளம்பவே இல்ல. மூச்சுவிட முடியாத ஒரு குழந்தை. டாக்டர் பலூன அமுக்கி அமுக்கிக் காத்து குடுத்தாரு. அப்புறம் அடுத்த பெட்டிக்கு ஓடணும்னு என் கையில குடுத்துட்டாரு. நான் நிறுத்தினா அது நின்னுடும்னு சொல்லிட்டுப் போனாரு. கரண்ட் வர்ற வரைக்கும் அமுக்கினேன்."

"குழந்தை?"

"இருக்கு. இன்னும் இருக்கு."

மோப்பக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னாள். டிப்போவிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரும் கேட்டார். அவர் வழக்கமான கேலி எதையும் எடுக்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

விசாரணை நடந்தது. மறைத்ததற்காக அவளுக்கு எச்சரிக்கை கொடுத்து, வாயு முற்றத்திலிருந்து நீக்கி, பாய்லருக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் பகுதிக்கு மாற்றினார்கள். அந்தப் பொய்ச் சத்தக் கருவியை உடனே மாற்றாததற்குப் பராமரிப்புப் பிரிவுக்கும் நல்ல அர்ச்சனை. இனிமேல் யாருடைய மூக்கையும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது, சார்ஜ் ஏறிய இரண்டு மீட்டர்கள் இல்லாமல் வேலிக்குள் நுழையக் கூடாது என்று விதி வந்தது. மூக்கைப் பார்த்த மருத்துவர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று கையை விரித்தார்.

சில வாரங்கள் கழித்து நாத்தனார் அவளை வார்டுக்குக் கூட்டிப்போனாள். அந்தக் குழந்தை குழாய்களெல்லாம் கழற்றப்பட்டு, தாயின் மார்போடு ஒட்டிக் கிடந்தது. மோப்பக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். நாத்தனார் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

"இவங்க எங்க அண்ணி. கரண்ட் தயாரிக்கிற எடத்துல வேல."

தாய் நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பெண். கண்ணுக்கடியில் கருவளையம்.

"அப்படியா? அன்னைக்கு ஏன்க்கா கரண்ட் போச்சு?"

"கேஸ் குழாய் ஒண்ணு கசிஞ்சுது. வேற குழாய்க்கு மாத்தும்போது ஒரு மிஷின் நின்னுடுச்சு." குழந்தையின் காலைப் பார்த்தாள். "மாத்தினதுல நானும் ஒருத்தி."

அந்தப் பெண் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போகுமா?"

போகாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மோப்பக்கா அதை விழுங்கினாள். "போகலாம்மா."

தாய் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "போறதா இருந்தா சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

மறுநாள் மோப்பக்கா பொறுப்பாளரிடம் போய் அதை அப்படியே சொன்னாள். அவர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியைச் சுழற்றி, அந்த வார்டில் எந்த நேரமும் யார் எடுப்பார்கள் என்று விசாரித்தார். ஊரில் எந்தப் பகுதியை வெட்டுவதென்றாலும், கை பொத்தானுக்குப் போகுமுன் அந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தாடியிடம் உத்தரவு போட்டார்.

"சொல்றதுக்கு நேரம் இல்லாமப் போச்சுன்னா சார்?" என்று கேட்டான் தாடி.

அவர் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டினார். மோப்பக்கா தன் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கக் கிளம்பினாள்.